கொசு மாவட்டத்தில் எழுந்த கோட்டை: ஆர்லாண்டோவின் கதை

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோவை ஒட்டிய டிஸ்னி வேர்ல்டில் இருக்கும் மேஜிக் கிங்டம் பூங்காவின் வாசலைத் தாண்டியதும் எல்லாருடைய கண்களும் கோட்டையைத்தான் தேடும். கோட்டைக்குப் போகும் வழியில் இருபுறமும் கடைகள் வரிசையாக நிற்கும் தெரு ஒன்று இருக்கிறது. மெயின் ஸ்ட்ரீட் என்று பெயர். 1900ஆம் ஆண்டை ஒட்டிய அமெரிக்கச் சிற்றூரின் கடைத்தெரு எப்படி இருந்திருக்குமோ, அப்படிக் கட்டியிருக்கிறார்கள். கடைகளின் மாடி ஜன்னல்களில் பெயர்கள் எழுதியிருக்கும். அந்தப் பூங்காவை உருவாக்கப் பாடுபட்டவர்களுக்குச் செய்த மரியாதை அது. அவற்றில் ஒன்றில் 'எம்.டி. லாட்' என்று ஒரு நில முதலீட்டு நிறுவனத்தின் பெயரும், அதன் கீழே சிறிய எழுத்தில் சில துணை நிறுவனங்களின் பெயர்களும் இருக்கின்றன.

என்னுடன் வந்த அக்கா மகனுக்குப் பதினொரு வயது. தலையைச் சாய்த்து இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தான். "மாமா, சேர்த்துச் சொன்னால் 'எம்ப்டி லாட்' என்று வருகிறதே!" என்றான். காலி மனை! எழுதியவர்கள் எண்ணியதும் அதைத்தான். அவன் கண்டுபிடித்துவிட்டதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அன்று இரவு முழுக்க அந்தச் சொல் என்னை விடவில்லை. ஆர்லாண்டோ எப்போதாவது காலி மனையாக இருந்ததா?

ஜன்னலில் இருக்கும் துணை நிறுவனங்கள் கற்பனையல்ல. டோமஹாக் பிராப்பர்ட்டீஸ், ரீடி கிரீக் ரான்ச், கம்பாஸ் ஈஸ்ட், அய்ஃபோர் கார்ப்பரேஷன் ஆகியவை நிஜமாகவே பதிவு செய்யப்பட்ட நிறுவனங்கள். நம் ஊர் வழக்கில் சொன்னால் பினாமி நிறுவனங்கள். 1964, 1965 ஆண்டுகளில் மத்திய ஃபுளோரிடாவில் இவற்றின் பெயரில்தான் வால்ட் டிஸ்னி 27,000 ஏக்கருக்கு மேல் நிலம் வாங்கினார். இன்றைய சென்னை மாநகராட்சிப் பரப்பில் கால் பங்குக்கு வரும் நிலம் அது. சராசரியாக ஏக்கருக்கு 180 டாலர் அளவில், மொத்தம் ஏறத்தாழ 50 லட்சம் டாலரில் முடிந்துவிட்டது.

இத்தனை மறைவு எதற்கு? 1955இல் கலிஃபோர்னியாவின் அனஹைமில் டிஸ்னிலேண்ட் திறந்தபோது அவரிடம் இருந்தது 160 ஏக்கர்தான். பூங்காவின் மதிலை ஒட்டி விடுதிகளும் உணவகங்களும் முளைத்தன. அவர் கூட்டிய கூட்டத்தால் சம்பாதித்தவர்கள் வேறு ஆட்கள். அடுத்த பூங்காவைச் சுற்றி யாரும் நெருங்க முடியாத அளவுக்கு நிலம் வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். வாங்குவது டிஸ்னி என்று தெரிந்தால் விலை ஏறிவிடும். அதனால் பெயரை வெளியே விடவில்லை.

நிலம் வாங்கப் போனவர்களுக்குக் கிடைத்த தலைவலி ஒன்று தமிழ் வாசகர்களுக்கு உடனே புரியும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தச் சதுப்பின் ஒரு பகுதியை யாரோ மனை போட்டு, தூர மாநிலக்காரர்களுக்குத் தபாலிலேயே விற்றிருந்தார்கள். வாங்கியவர்கள் இடத்தைப் பார்த்ததே இல்லை. தண்ணீருக்கு அடியில் கிடந்த அந்தத் துண்டுகளுக்கெல்லாம் பட்டாதாரர்கள் இருந்தார்கள். அவர்களையும் வாரிசுகளையும் ஊர் ஊராகத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது.

ரகசியம் உடைந்த விதமும் சுவையானது. யார் வாங்குகிறார்கள் என்று ஊரே ஊகித்துக்கொண்டிருந்தது. விமான நிறுவனம், கார் நிறுவனம் என்று பேச்சு. 1965 அக்டோபரில் ஆர்லாண்டோ நாளிதழின் செய்தியாளர் எமிலி பவார், டிஸ்னிலேண்டின் பத்தாம் ஆண்டு விழாவையொட்டி கலிஃபோர்னியா போனபோது டிஸ்னியிடம் நேரடியாகவே கேட்டுவிட்டார். அவர் மறுத்தார். மறுத்த கையோடு, அந்தப் பகுதி ஏன் பொருந்தாது என்பதற்கு அங்கே பெய்யும் மழை, தட்பவெப்பம் என்று விவரங்களை அடுக்கினார். அக்கறை இல்லாத மனிதருக்கு இவ்வளவு எப்படித் தெரியும் என்று பவார் யோசித்தார். டிஸ்னிதான் என்று எழுதினார். நவம்பர் 15 அன்று, ஆர்லாண்டோவின் செர்ரி பிளாசா ஹோட்டலில் ஆளுநர் ஹேடன் பர்ன்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து டிஸ்னி சகோதரர்கள் இருவரும் அதை ஒப்புக்கொண்டார்கள்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குவார்கள். அதற்கு முன்னால் சதுப்பும் முதலையும் மட்டும் இருந்தது போல. நாங்கள் நான்கு நாள் போயிருந்தோம். மூன்று நாள் பூங்காக்களுக்கு, ஒரு நாள் ஊருக்கு. அந்த ஒரு நாளைச் செலவிடாவிட்டால் மற்ற மூன்று நாள்களில் பார்த்தது எனக்கு விளங்கியிருக்காது.

ஊர் என்று சொன்னதும் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். டிஸ்னி வேர்ல்டு ஆர்லாண்டோ நகர எல்லைக்குள் இல்லை. மேஜிக் கிங்டத்திலிருந்து நகர மையத்துக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் போக வேண்டும். அங்கே 1927இல் கட்டிய பழைய நீதிமன்றக் கட்டடத்தில் ஆரஞ்சு மாவட்ட வரலாற்று மையம் இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துப் போவதற்கு ஏற்ற இடம்.

அங்கே போனால் முதலில் தெரிந்துகொள்ளும் செய்தியே பிள்ளைகளைச் சிரிக்கவைக்கும். ஆரஞ்சு மாவட்டத்தின் பழைய பெயர் மொஸ்கிட்டோ மாவட்டம். கொசு மாவட்டம்! 1824இல் வைத்த பெயர். 1845இல் ஃபுளோரிடா மாநிலமான ஆண்டில்தான் கொசு போய் ஆரஞ்சு வந்தது.

சிரிப்பு அதோடு நின்றுவிடும். இது செமினோல் பழங்குடிகளின் நிலம். ஸ்பெயினிடமிருந்து 1821இல் ஃபுளோரிடாவைப் பெற்ற அமெரிக்கா, 1830இல் பழங்குடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அனுப்பச் சட்டம் இயற்றியது. செமினோல்கள் போக மறுத்தார்கள். 1835இல் தொடங்கிய இரண்டாம் செமினோல் போர் ஏழு ஆண்டுகள் நடந்தது. அந்தப் போருக்காக 1838இல் ராணுவம் கட்டிய கேட்லின் கோட்டைதான் ஆர்லாண்டோவின் விதை. மரத்தால் ஆன கோட்டை அது. போர் ஓய்ந்த 1842இல் அரசு இன்னொரு சட்டம் போட்டது. ஆயுதம் ஏந்தத் தயாராக இருந்து, ஐந்து ஆண்டு குடியிருந்து பயிர் செய்பவருக்கு 160 ஏக்கர் இலவசம். அடுத்த ஆண்டே ஜார்ஜியாவிலிருந்து மாட்டு மந்தையோடு வந்து சேர்ந்தார் ஆரன் ஜெர்னிகன். ஊருக்கும் ஜெர்னிகன் என்றே பெயர் விழுந்தது.

1857இல் அது ஆர்லாண்டோ ஆனது. ஏன் என்பதற்கு ஊரில் பல கதைகள். செமினோல்களுடன் நடந்த சண்டையில் இறந்த ஆர்லாண்டோ ரீவ்ஸ் என்ற வீரரின் பெயர் என்பது ஒன்று. இயோலா ஏரிக்கரையில் அவருக்குக் கல்லே நட்டிருக்கிறார்கள். ராணுவப் பதிவேடுகளில் அப்படி ஒருவர் இல்லை. சர்க்கரை ஆலை வைத்திருந்த ஆர்லாண்டோ ரீஸ் என்பவரின் பெயர் திரிந்தது என்பது மற்றொன்று. ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வரும் நாயகனின் பெயர் என்போரும் உண்டு. நாயகி ரோசலிண்டின் பெயரில் நகர மையத்தில் சாலையே இருக்கிறது. எனக்கு ரீஸ் கதைதான் நம்பத்தக்கதாகத் தெரிகிறது.

இயோலா ஏரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஃபுளோரிடாவின் அடிநிலம் சுண்ணாம்புப் பாறை. மழைநீர் அதை மெல்லக் கரைத்துக் குடைந்துகொண்டே இருக்கும். மேல் மண்ணைத் தாங்க முடியாமல் போகும் நாளில் நிலம் அப்படியே உள்ளே இறங்கிவிடும். இந்தப் பகுதியின் வட்ட வட்டமான ஏரிகள் பலவும் அப்படி விழுந்த பள்ளங்கள்; இயோலாவும் அதில் ஒன்று. 1981 மே மாதத்தில்கூட, பக்கத்து ஊரான வின்டர் பார்க்கில் ஒரு வீட்டையும் சில கார்களையும் நிலம் விழுங்கியது. கரைந்துகொண்டிருக்கும் பாறைமேல் நிற்கும் ஊர் இது.

ஏரியைச் சுற்றியிருக்கும் நிலத்தை 1883இல் நகரத்துக்குக் கொடையாகத் தந்தவர் ஜேக்கப் சம்மர்லின். கியூபாவுக்கு மாடு ஏற்றுமதி செய்து ஸ்பானியப் பொற்காசாகச் சம்பாதித்தவர். மரம் நட்டு, ஏரியைச் சுற்றிப் பாதை போட்டுப் பராமரிக்க வேண்டும். தவறினால் நிலம் தன் வாரிசுகளுக்கே திரும்பிவிடும் என்று நிபந்தனை விதித்தார். இன்றைக்கும் ஏரியைச் சுற்றி ஆட்கள் நடக்கிறார்கள் என்றால் காரணம் அந்த நிபந்தனைதான். இதைப் படித்தபோது நம் ஊர் ஏரிகள் நினைவுக்கு வராமல் இல்லை.

1880இல் ரயில் வந்தது. ஆரஞ்சு வியாபாரம் எழுந்தது. அடுத்த ஆண்டே பிலடெல்ஃபியாவின் ரம்ப ஆலை முதலாளி ஹாமில்டன் டிஸ்டன், ஏக்கருக்கு 25 சென்ட் வீதம் 40 லட்சம் ஏக்கரை மாநிலத்திடமிருந்து வாங்கினார். தெற்கே கிஸ்ஸிம்மி பகுதியில் ஏரிக்கும் ஏரிக்கும் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தார். டிஸ்னிக்கு எண்பது ஆண்டு முன்பே, தண்ணீரை வெளியேற்றினால் சதுப்பும் மனையாகும் என்று இங்கே கணக்குப் போட்டவர் அவர்.

ஆரஞ்சு ஊரை உயர்த்தியது; ஒரே குளிர்காலம் கீழே தள்ளியது. 1894 டிசம்பர் இறுதியில் உறைபனி விழுந்து பழங்கள் அழிந்தன. மரங்கள் பிழைத்தன. ஜனவரி இதமாக இருந்ததால் புதுத் துளிர் விட்டு, மரத்துக்குள் சாறு ஏறியது. 1895 பிப்ரவரி முதல் வாரத்தில் மறுபடியும் உறைபனி. உள்ளே ஏறிய சாறு உறைந்து விரிந்து அடிமரங்களையே பிளந்தது. அடுத்தடுத்து வந்த இரண்டாவது அடியில்தான் தோப்புகள் செத்தன. குடும்பங்கள் வீட்டை அப்படியே விட்டுவிட்டு வடக்கே போயின. மெயின் ஸ்ட்ரீட் காட்டும் காலத்தில் நிஜமான ஆர்லாண்டோவின் கடைத்தெரு அந்த அடியிலிருந்து எழ முயன்றுகொண்டிருந்தது.

அந்தக் காலத்தின் இன்னொரு பக்கத்தை அலங்காரத் தெரு காட்டாது. ஆர்லாண்டோவுக்கு வடக்கே ஈட்டன்வில் என்ற சிறிய ஊர் இருக்கிறது. விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் தாங்களே நிலம் வாங்கி, தாங்களே மேயரைத் தேர்ந்தெடுத்து, 1887இல் பதிவு செய்துகொண்ட ஊர். அமெரிக்காவில் அப்படி அமைந்த முதல் ஊர்களில் ஒன்று.

மேற்கே இருக்கும் ஒக்கோயியின் கதை வேறு. 1920 நவம்பர் 2, அதிபர் தேர்தல் நாள். மோஸ் நார்மன் என்ற கறுப்பின விவசாயி வாக்களிக்கப் போனார், திருப்பி அனுப்பப்பட்டார். அன்று இரவு வெள்ளையர் கும்பல் அவரைத் தேடி, அவருடைய நண்பரும் தோப்புச் சொந்தக்காரருமான ஜூலை பெர்ரியின் வீட்டைச் சூழ்ந்தது. பெர்ரியைப் பிடித்து ஆர்லாண்டோ சிறையில் வைத்தார்கள். கும்பல் அங்கிருந்தும் இழுத்துப்போய்த் தூக்கில் போட்டது. கறுப்பின மக்களின் வீடுகளும் தேவாலயங்களும் எரிந்தன. இறந்தவர்களின் எண்ணிக்கையில் இன்றும் கணக்குகள் ஒத்துப்போவதில்லை. தப்பியவர்கள் ஊரை விட்டு ஓட, அவர்களுடைய நிலங்களும் தோப்புகளும் கைமாறின. அதற்குப் பிறகு ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்த ஊரில் கறுப்பினக் குடும்பங்கள் இல்லை என்றே சொல்லலாம். வரலாற்று மையத்தின் வாசலில் 2019இல் பெர்ரியின் நினைவாகப் பலகை வைத்தார்கள். 2020இல் இந்தப் படுகொலையைப் பள்ளிகளில் கற்பிக்க மாநிலச் சட்டம் வகைசெய்தது.

அந்தப் பலகையின் முன் நான் தயங்கினேன். விடுமுறைக்கு வந்த சிறுவனிடம் இதைச் சொல்ல வேண்டுமா? சொன்னேன். அவன் அமைதியாகக் கேட்டுவிட்டு, "ஓட்டுப் போட போனதற்கா?" என்று மட்டும் கேட்டான். பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

அங்கிருந்து சிறிது தொலைவில், பாரமோர் பகுதியில், மருத்துவர் வில்லியம் வெல்ஸ் 1926இல் கட்டிய ஹோட்டல் இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. மற்ற விடுதிகள் அறை தர மறுத்த காலத்தில் ரே சார்ல்ஸ், எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு போன்ற இசைக்கலைஞர்கள் தங்கிய இடம். சிறிய கட்டடம்தான், ஒரு மணி நேரம் போதும்.

ஆர்லாண்டோவுக்கு விமானத்தில் போனவர்கள் பெட்டியில் ஒட்டிய சீட்டைப் பாருங்கள். எம்.சி.ஓ. என்று இருக்கும். ஆர்லாண்டோ என்ற பெயரில் இந்த மூன்று எழுத்தும் இந்த வரிசையில் வராது. 1957இல் விமான விபத்தில் இறந்த கர்னல் மைக்கேல் மெக்காயின் பெயரைத் தாங்கிய விமானப்படைத் தளத்தின் குறியீடு அது. 1962 கியூபா ஏவுகணை நெருக்கடியின்போது உளவு விமானங்கள் இங்கிருந்து பறந்தன. கியூபாவின் மேல் சுட்டு வீழ்த்தப்பட்ட விமானி ருடால்ஃப் ஆண்டர்சன் கடைசியாகக் கிளம்பியதும் இந்த ஓடுபாதையிலிருந்துதான். மிக்கி காதுத் தொப்பியோடு குழந்தைகள் இறங்கும் இடம் அது.

ஐம்பதுகளில் மார்ட்டின் நிறுவனம் ஏவுகணை ஆலை திறந்தது. கிழக்கே கேப் கனாவெரலில் ராக்கெட்டுகள் ஏவப்பட்டன. வேலைக்கு வந்தவர்களுக்குச் சாலை வேண்டியிருந்தது. நாளிதழ் அதிபர் மார்ட்டின் ஆண்டர்சனும், வழக்கறிஞரும் வங்கியாளருமான பில்லி டயலும் விடாமல் மன்றாடி, மாநிலத்தின் பெரிய சுங்கச்சாலையை ஆர்லாண்டோ பக்கம் வளைத்துக் கொண்டுவந்தார்கள். ஐ-4 நெடுஞ்சாலை அதை இங்கே வெட்டிக் கடந்தது. 1963 நவம்பர் 22 அன்று, கென்னடி கொல்லப்பட்ட அதே நாளில், விமானத்திலிருந்து குனிந்து பார்த்த டிஸ்னியின் கண்ணில் பட்டது அந்தச் சந்திப்புதான். ஜன்னலில் இருக்கும் 'அய்ஃபோர்' என்ற பெயரும் ஐ-4தான். ஆகவே டிஸ்னி தேர்ந்தெடுத்தது காலி மனையை அல்ல. போரும் மாடும் ஆரஞ்சும் ராணுவமும் நூற்றுமுப்பது ஆண்டு உழைத்துச் சாலைவரை போட்டுவைத்திருந்த நிலத்தை.

தண்ணீர் பாக்கி இருந்தது. அதற்கு ஜோ பாட்டர் வந்தார்; பனாமா கால்வாய்ப் பகுதியின் ஆளுநராக இருந்த ராணுவப் பொறியாளர். 40 மைலுக்கு மேல் வாய்க்கால்கள் வெட்டினார். நேர்கோட்டில் வெட்டாமல் ஓடைபோல் வளைத்து வளைத்து வெட்டினார்கள். நீர்மட்டம் உயர்ந்தால் மின்சாரமின்றித் தானே திறந்து, தாழ்ந்தால் தானே மூடிக்கொள்ளும் மதகுகளை வைத்தார்கள். பே லேக் என்ற இயற்கை ஏரியின் தண்ணீர் சைப்ரஸ் மரச்சாறு ஊறித் தேநீர் நிறத்தில் இருந்தது. அதை வடித்து அடிச்சேற்றை அள்ளியபோது கீழே வெள்ளை மணல் கிடைத்தது. அதுவே கரையில் கடற்கரையாகக் கொட்டப்பட்டது. முன்னால் ஒரு செயற்கை ஏரியைத் தோண்டி, எடுத்த மண்ணால் பூங்காவை உயர்த்தினார்கள்.

இதனால்தான் மேஜிக் கிங்டத்தில் நடப்பவர்கள் உண்மையில் முதல் மாடியில் நடக்கிறார்கள். நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்தில் இருப்பதால் சுரங்கம் தோண்ட முடியாது. ஊழியர்கள் போய்வரும் நடைபாதைகளை நிலமட்டத்திலேயே கட்டி, மேலே மண் மூடி, அதன்மேல் தெருவையும் கோட்டையையும் எழுப்பியிருக்கிறார்கள். வால்ட் டிஸ்னி இதைப் பார்க்கவில்லை; 1966 டிசம்பரில் நுரையீரல் புற்றுநோயால் இறந்துவிட்டார். அண்ணன் ராய், ஓய்வைத் தள்ளிவைத்துவிட்டு வேலையை முடித்தார். 1971 அக்டோபர் 1 அன்று பூங்கா திறந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ராயும் மறைந்தார்.

1967இல் மாநிலம் அந்த நிலத்துக்குத் தனி மாவட்ட அமைப்பையே தந்திருந்தது. சாலை, வடிகால், தீயணைப்பு, கட்டட அனுமதி எல்லாம் நிலச் சொந்தக்காரர் கையில். உள்ளாட்சி அதிகாரத்தை ஒரு கம்பெனியிடம் இவ்வளவு தூரம் கொடுத்தது சரியா என்ற கேள்வி அப்போதே எழுந்திருக்க வேண்டும். கல்விச் சட்டம் ஒன்றையொட்டி மாநில அரசும் நிறுவனமும் மோதிக்கொண்ட பிறகு, 2023இல்தான் அந்த அமைப்பின் நிர்வாக வாரியத்தை நியமிக்கும் அதிகாரம் ஆளுநரிடம் போனது.

பிறகு நடந்தது பெரும்பாலோருக்குத் தெரியும். பூங்காக்கள் அடுத்தடுத்து வந்தன. 1973இல் சீவேர்ல்டு, 1982இல் எப்காட், 1990இல் யுனிவர்சல், 2025இல் எபிக் யுனிவர்ஸ். 1970இல் ஏறத்தாழ 99,000 பேர் வாழ்ந்த ஆர்லாண்டோ நகரில் 2020இல் 3,07,000 பேர்.

யுனிவர்சலுக்குப் பக்கத்தில் ஷிங்கிள் கிரீக் என்ற ஓடை பிறக்கிறது. கிஸ்ஸிம்மி ஏரிகள், ஒக்கிச்சோபி ஏரி வழியாகத் தெற்கே இறங்கி எவர்கிளேட்ஸ் சதுப்புக்குப் போகும் தண்ணீரின் தலைமடை அது. பூங்கா வாகன நிறுத்துமிடத்தில் விழும் மழையும் அந்த வழியில்தான் போகிறது.

ஆரஞ்சு என்ன ஆயிற்று? 1983, 1985, 1989 குளிர்காலங்களில் உறைபனி மீண்டும் மீண்டும் தாக்கியது. இந்த முறை பலர் மறுநடவு செய்யவில்லை. பூங்காக்களில் வேலை செய்பவர்களுக்கு வீடு தேவைப்பட்டது, தோப்புகள் மனைகளாயின. 2005இல் கண்டறியப்பட்ட பசுமையாதல் நோய் எஞ்சியவற்றையும் அரித்தது.

ஊருக்காக ஒதுக்கிய நாளின் மாலையில் மேற்கே கிளெர்மான்ட்டுக்குப் போனோம். அங்கே மேட்டின்மேல் சிட்ரஸ் டவர் நிற்கிறது. 1956இல் கட்டிய 226 அடிக் கோபுரம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஆரஞ்சுத் தோப்புகளை மேலிருந்து பார்ப்பதற்காகவே கட்டினார்கள். டிஸ்னி வருவதற்கு முன் சுற்றுலாக்காரர்கள் அதற்காகவே வந்தார்கள். லிஃப்டில் ஏறினோம். அக்கா மகன் கண்ணாடியில் நெற்றியை ஒட்டவைத்துக்கொண்டு நான்கு பக்கமும் சுற்றி வந்தான். கீழே ஏரிகள், சாம்பல் நிறக் கூரைகள், வளைந்து வளைந்து போகும் குடியிருப்புத் தெருக்கள். இரண்டாவது சுற்றிலும் அவன் தோப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.